கைக்கடிகாரமும் கைவினையும்: சேலத்திலிருந்து எந்தக் கண்காட்சிக்குப் போவது?

சொந்தப் பட்டறையில் வருடத்துக்குச் சில கடிகாரங்கள் மட்டும் செய்யும் சுயாதீனக் கடிகாரக் கலைஞர்களை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை சேலத்தில் பலருக்கு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களை மூன்று வகையாகப் பார்க்கிறேன். முதலாமவர் ஒரு வருடச் சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு, துபாயா ஜெனீவாவா என்று கேட்கிறார். இரண்டாவது, கணவன் மனைவி. அவருக்குக் கடிகாரம், மனைவிக்குச் சேலையும் மரச்சிற்பமும். இரண்டும் ஒரே பயணத்தில் அமையுமா என்பது அவர்கள் கேள்வி. மூன்றாமவர் கல்லூரி மாணவர். கையில் காசு கிடையாது, ஆர்வம் நிறைய.

மூவருக்கும் ஒரே ஊரைச் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஊராக இருந்தாலும் அளந்து பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான். அதை முதலில் பேசிவிடுவோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

செய்தவர் இருப்பாரா? மேசைக்குப் பின்னால் நிற்பவர் அந்தப் பொருளைச் செய்தவரா, விற்க அனுப்பப்பட்டவரா? மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். பொருளைக் கடையில் பார்க்கலாம், படத்திலும் பார்க்கலாம். செய்தவரோடு பேசும் அரை மணி நேரம் அங்கெல்லாம் கிடைக்காது. ஒரு கண்காட்சிக்குச் செலவழிக்கிற பணம் அந்த நேரத்துக்காகத்தான்.

கடிகார உலகத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு அடுக்கு உண்டு. 'சுயாதீனம்' என்று சொல்லிக்கொண்டு இரண்டு விதமானவர்கள் வருவார்கள். ஒரு பக்கம், இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவில் வாழ்ந்த ஜார்ஜ் டேனியல்ஸ் போல, கடிகாரத்தின் ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் தன் பட்டறையிலேயே செய்தவர்கள். அவர் கண்டுபிடித்த கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்டை (ஸ்பிரிங்கின் விசையைச் சீராக விட்டு விட்டு வெளிவிடும் பாகம் எஸ்கேப்மென்ட்) சுவிஸ் நிறுவனமான ஒமேகா 1999-இல் தன் கடிகாரங்களில் கொண்டுவந்தது. அவரிடம் பழகிய ரோஜர் ஸ்மித் அதே தீவில் இன்றும் வேலை செய்கிறார். சுவிட்சர்லாந்தில் பிலிப் டுஃபூர், காரி வூட்டிலைனன் போன்றவர்களும் இந்த வரிசைதான். இன்னொரு பக்கம், டயலையும் கேஸையும் தாங்களே வடிவமைத்து, உள்ளே ஓடும் இயந்திரத்தைச் சுவிட்சர்லாந்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வாங்கிப் பொருத்தும் சிறு நிறுவனங்கள். இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் நீங்கள் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்க விடுவார்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்ப்பதற்கும், லூப்பை (கண்ணில் வைக்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து இயந்திரத்தின் ஓரங்களைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மொத்தச் செலவு எவ்வளவு? டிக்கெட், தங்கும் அறை மட்டுமல்ல. விடுப்பு, விசா, அங்கே போனபின் ஆசையில் வாங்குவது, அதற்கு வரி எல்லாம் சேர்ந்தது.

வாங்கிய பிறகு யார் பார்ப்பார்கள்? மெக்கானிக்கல் கடிகாரத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் போட வேண்டும். அதைச் சேலத்தில் செய்ய முடியுமா என்பது வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வராது.

கூட வருபவருக்கு என்ன இருக்கிறது? இதைக் கடைசியில் வைத்தாலும், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாகிவிடும்.

## சேலத்துப் பட்டறைகள்

கடிகாரக் கலைஞர்களுக்கென்று ஒரு கண்காட்சி சேலத்தில் கிடையாது. ஆனாலும் இதை முதலில் வைக்கிறேன். முதல் அளவுகோலில் இதை மிஞ்ச வேறெதுவும் இல்லை. செய்தவர் வீட்டிலேயே அவரைப் பார்க்கிறோம்.

வெள்ளிக் கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீட்டுக்கு வீடு இந்த வேலைதான். ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுக்கிறார், இன்னொரு வீட்டில் கண்ணி கோக்கிறார்கள், வேறொரு வீட்டில் பற்றவைக்கிறார்கள், சலங்கை வைப்பது ஒருவர், மெருகு போடுவது ஒருவர். ஒரு கொலுசு காலுக்கு வருவதற்குள் பல கைகள் மாறிவிடுகிறது. கண்காட்சி ஸ்டாலில் இதில் ஒரு பங்குகூடத் தெரியாது. ஜூரா மலைக் கிராமங்களில் சுவிஸ் கடிகாரத் தொழில் வளர்ந்ததும் இப்படித்தான். ஒரு வீட்டில் பற்சக்கரம், இன்னொரு வீட்டில் ஸ்பிரிங், கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்ப்பார். அந்த வேலைமுறையைச் சுற்றியே கட்டப்பட்ட லா ஷோ-த-ஃபோன், லு லோக்ல் என்ற இரண்டு ஊர்களை யுனெஸ்கோ 2009-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. செவ்வாய்ப்பேட்டையின் சந்துகளில் அரை நாள் சுற்றியவருக்கு ஜெனீவாவில் பாதி விஷயம் தானாகப் புரியும்.

மரவேலை பார்க்க வேண்டுமானால் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் தம்மம்பட்டி இருக்கிறது. கோயில் வாகனங்கள், சாமி உருவங்கள், கதவுகள் என்று உளிச்சத்தம் தெருவிலேயே கேட்கும். நெசவு என்றால் சேலம் வெண்பட்டு. புவிசார் குறியீடு பெற்ற பட்டு இது. இளம்பிள்ளைச் சேலைகள் அழகானவை, விலையும் கைக்கு அடக்கம். ஆனால் இன்று அங்கே பெரும்பாலும் ஓடுவது விசைத்தறி. கைத்தறிதான் வேண்டும் என்று போகிறவர்கள் தறியைப் பார்த்த பிறகு வாங்குவது நல்லது. மாக்கல் சட்டி வாங்குகிறவர்கள் அதைக் கழுநீர் ஊற்றி, எண்ணெய் தடவிப் பல நாள் பழக்கிய பிறகே அடுப்பில் வைக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

கடிகாரத்துக்கு வருவோம். கடைவீதி, பழைய பேருந்து நிலையம் பக்கம் பழைய ரிப்பேர் கடைகள் இன்னும் சில இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எச்.எம்.டி. காலத்துக் கைகள். சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் 1961-இல் தொடங்கி, 2016-இல் மூடப்பட்ட எச்.எம்.டி. கடிகாரப் பிரிவின் 'ஜனதா', 'பைலட்' இரண்டும் தினமும் சாவி கொடுக்கும் ரகம், தேய்மானம் குறைய உள்ளே 17 சிறு கற்கள் வைத்தவை. தாத்தாவின் கடிகாரம் ஒன்று பீரோவில் ஓடாமல் கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். பின்மூடியைக் கழற்றி பேலன்ஸ் வீல் எது, ஹேர் ஸ்பிரிங் எது என்று அவர் காட்டினால், எந்த வெளிநாட்டுக் கண்காட்சியிலும் இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது.

மறைமுகச் செலவு உண்டு. பட்டறை என்பது கண்காட்சிக் கூடம் அல்ல. தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போக வேண்டும். நீங்கள் பேசும் ஒரு மணி நேரம் அவருக்குக் கூலி போகும் நேரம். அதனால் ஏதாவது வாங்குங்கள், அல்லது நேரத்துக்குப் பணம் கொடுப்பதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிசைனைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முகூர்த்த மாதங்களும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும் வேண்டாம். 2025-இல் மட்டும் வெள்ளி விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கொலுசு வாங்கும்போது 'டச்' (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பற்றவைத்த இடங்கள் அதிகமாக இருக்கும் கொலுசில் மொத்தத் தரம் கொஞ்சம் குறையும். அதைச் செய்கிறவரே மறைக்காமல் சொல்வார்.

## ஏற்காடு கோடை விழா

மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது, கைவினைப் பொருள்களும் அங்கே கிடைக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டால்கள் இருக்கும். சுய உதவிக் குழுக்களின் பொருள்களும் இருக்கும். ஆனால் விழாவின் மையம் பூதான். கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. கைவினைக்காக மட்டும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விழா நாள்களில் வண்டிகள் ஊர்ந்துதான் ஏறும், அறை வாடகையும் மற்ற நாளைப்போல இருக்காது.

பூவுக்காகவும் குளிருக்காகவும் போகிறீர்கள் என்றால், வார நாளில் போங்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபி சேர்வராயன் மலையில் இன்றும் விளைகிறது. கொட்டையாக வாங்கி வந்து வீட்டில் அரைத்துக்கொள்ளலாம்.

## பெங்களூர்

சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். ரயிலில் நாலு, ஐந்து மணி நேரம். காரில் போனால் தொப்பூர் கணவாயில் இரவில் ஓட்டாதீர்கள். அங்கே நடக்கும் விபத்துகள் நமக்குத் தெரியாததல்ல. போகும் வழியில் ஓசூர் வரும். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை அங்கேதான். இது சுயாதீனப் பட்டறை அல்ல, பெரிய நிறுவனம். ஆனால் ஓசூரில் கடிகாரம் செய்ய முடியும் என்று அது காட்டியிராவிட்டால், இன்றைய சிறிய இந்திய நிறுவனங்களுக்குத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெங்களூரின் பலம், மூன்று விதமான இடங்கள் ஒரே ஊரில் இருப்பது. முதலாவது, ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. அருங்காட்சியகம். பழைய கடிகாரங்களோடு, அவற்றைச் செய்த இயந்திரங்களையும் பார்க்கலாம். இரண்டாவது, நிருபேஷ் ஜோஷியும் மெர்சி அமல்ராஜும் தொடங்கிய பெங்களூர் வாட்ச் கம்பெனி போன்ற சிறு நிறுவனங்கள். விண்வெளி, கிரிக்கெட், மிக்-21 விமானம் என்று நம் நாட்டு விஷயங்களை டயலில் கொண்டுவருகிறவர்கள் இவர்கள். இயந்திரம் வெளிநாட்டிலிருந்து வாங்கியது, வடிவம் இங்கே பிறந்தது. முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொண்டு போனால் அவசரமில்லாமல் பேச முடியும். பழைய நாணயங்களை டயலாக வைக்கும் ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனியும் இதே வகைதான்.

மூன்றாவது, கைவினைச் சந்தைகள். 'எ ஹன்ட்ரட் ஹேண்ட்ஸ்' என்ற அமைப்பு, இடைத்தரகர் இல்லாமல் செய்தவர்களே விற்க வேண்டும் என்பதை நோக்கமாக வைத்து ஆண்டுதோறும் ஒரு சந்தை நடத்துகிறது. 1981 முதல் இயங்கும் தஸ்த்கர் அமைப்பின் சந்தைகளும் இங்கே வருகின்றன. கர்நாடக சித்ரகலா பரிஷத் வளாகத்தில் அடிக்கடி ஏதாவது ஒரு கைவினைச் சந்தை நடக்கும். ஜனவரியில் அங்கே நடக்கும் சித்திரச் சந்தையில் ஓவியர்கள் தெருவிலேயே படம் வைத்து விற்பார்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே பயணத்தில் திருப்தியாகத் திரும்ப வேண்டுமானால், சேலத்துக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தையே கையால் செய்கிறவரைப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசையென்றால் பெங்களூரில் அது நிறைவேறாது. 'கைவினைச் சந்தை' என்று போர்டு மாட்டியிருக்கும் எல்லா இடத்திலும் செய்தவர் நிற்கமாட்டார். மொத்தமாக வாங்கி விற்பவர்கள் நிறைய வந்துவிட்டார்கள். "இது எத்தனை நாள் வேலை? எந்த இடம் கஷ்டம்?" என்று கேளுங்கள். செய்தவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், விற்பவர் விலைக்கு வந்துவிடுவார். செலவைப் பொறுத்தவரை, நுழைவுச்சீட்டும் ரயில் கட்டணமும் சின்னது. ஊருக்குள் சுற்றும் ஆட்டோ, இரண்டு இரவு அறை, சந்தையில் ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது ஆகிய மூன்றும்தான் பையைக் காலி செய்யும்.

சர்வீஸ் விஷயத்தில் பெங்களூருக்குப் பெரிய சாதகம் இருக்கிறது. சிறு நிறுவனங்கள் வைக்கும் செல்லிட்டா, மியோட்டா, செய்கோ இயந்திரங்கள் உலகம் முழுவதும் பழக்கமானவை. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு சேலத்தில் திறமையான ஒருவரே அதைப் பிரித்துப் பார்க்க முடியும், பாகமும் கிடைக்கும்.

## துபாய்

துபாய் வாட்ச் வீக் 2015-இல் தொடங்கியது. 2017-க்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நவம்பரில் நடந்துவருகிறது. கடைசியாக 2025-இல் புர்ஜ் கலிஃபா அருகில் உள்ள புர்ஜ் பார்க்கில் நடந்தது. அந்தக் கணக்கில் அடுத்தது 2027. முன்பதிவு செய்தால் நுழைவு இலவசம். இதை நடத்துவது அங்குள்ள சித்திக்கி என்ற கடிகார வணிகக் குடும்பம்தான். ஆனாலும் பேச்சரங்குகளுக்கும் பயிற்சி வகுப்புகளுக்கும் நிறைய இடம் கொடுக்கிறார்கள். பெரிய நிறுவனங்களுக்குப் பக்கத்திலேயே சுயாதீனக் கலைஞர்களும் நிற்பார்கள். ஜெனீவாவில் கிடைக்கும் கூட்டத்தைவிட இங்கே நெருக்கம் அதிகம், பேசச் சுலபம்.

நம்மூருக்கு ஒரு வசதியும் உண்டு. கோவையிலிருந்து சார்ஜாவுக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து துபாய் பக்கம்தான். சொந்தக்காரரோ நண்பரோ அங்கே இருந்தால் தங்கும் செலவு போய்விடும். இல்லாதவர்களுக்கு விசா, விமானம், அறை, சாப்பாடு என்று சிக்கனமாகப் போனாலும் ஒருவருக்கு முக்கால் லட்சம் ரூபாயாவது கையில் வேண்டும்.

மறைமுகச் செலவு இங்கே வேறு மாதிரி. ஒன்று, காத்திருப்பு. ஒருமுறை விட்டால் இன்னும் இரண்டு வருடம். இரண்டு, பக்கத்திலேயே இருக்கும் கடைகள். கண்காட்சி பார்க்கப் போனவர் தங்கமும் எலக்ட்ரானிக்ஸும் வாங்கி வருவது சாதாரணம். கைவினைக்காக வரும் மனைவிக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடிகாரப் பிரியர் தனியாகவோ, அதே பித்துள்ள நண்பரோடோ போக வேண்டிய இடம் இது.

## ஜெனீவா

ஜெனீவா என்றால் பலருக்கும் ஒரே கண்காட்சிதான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அங்கே இரண்டு தனித்தனி விஷயங்கள் நடக்கின்றன. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் லட்சக்கணக்கில் செலவழித்தும் செய்தவர் முகத்தைப் பார்க்காமலே திரும்ப வேண்டியிருக்கும்.

வசந்த காலத்தில், விமான நிலையத்தை ஒட்டியுள்ள பலெக்ஸ்போ கூடத்தில் நடப்பது 'வாட்சஸ் அண்ட் வண்டர்ஸ்'. இது பெரிய நிறுவனங்களின் திருவிழா. முதல் நாள்கள் வணிகர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும். கடைசி மூன்று நாள்தான் டிக்கெட் வாங்கும் பொதுமக்களுக்கு. 2025-இல் டிக்கெட் 70 பிராங்க். சிறிய பட்டறைகளுக்குத் தனிப் பகுதி உண்டு என்றாலும், கூட்டத்தில் பேச்சு நீளாது. ஆனால் அதே வாரத்தில் ஊருக்குள் வேறு இடங்களில் சுயாதீனர்கள் தங்கள் மேசைகளைப் போடுகிறார்கள். ஸ்வெண்ட் ஆண்டர்சனும் வின்சென்ட் கலப்ரேசேயும் 1985-இல் தொடங்கிய ஏ.எச்.சி.ஐ. என்ற சுயாதீனக் கலைஞர்களின் சங்கமும் இவற்றில் ஒன்று. ஏப்ரலில் போகிறவர்கள் பலெக்ஸ்போவுக்கு ஒரு நாள் மட்டும் ஒதுக்கி, மீதியை ஊருக்குள் செலவழிப்பதுதான் சரி.

இரண்டாவது, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி நடக்கும் ஜெனீவா வாட்ச் டேஸ். 2020-இல் தொடங்கியது. ஏரிக்கரைக் கூடாரத்திலும் ஓட்டல் அறைகளிலும் நடக்கும் பரவலான நிகழ்ச்சி. கூடாரத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முன்கூட்டியே எழுதி நேரம் கேட்டால், ஓட்டல் அறையில் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். என்னைக் கேட்டால் ஜெனீவாவுக்கு ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்பவர் இதற்குத்தான் போக வேண்டும்.

கூட வருபவருக்கு வழியில்லாமல் இல்லை. பாடெக் பிலிப் அருங்காட்சியகத்தில் பழைய எனாமல் ஓவியங்களும் நுண்செதுக்கு வேலைகளும் இருக்கின்றன. கடிகாரத்தில் ஆர்வம் இல்லாதவரும் மெய்மறந்து நிற்பார். ரயிலில் கொஞ்சம் தூரம் போனால் ஜூரா கிராமங்கள்.

செலவு? ஷெங்கன் விசாவுக்கு மட்டும் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குள் நெருங்கவிடக் கூடாது. கைரேகை கொடுக்கச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு நாள் போய் வர வேண்டும். அந்த விடுப்பையும் கணக்கில் சேருங்கள். கண்காட்சி வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும். ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு ஊருக்குள் பஸ், டிராம் இலவச அட்டை தருகிறார்கள் என்பது ஒரு சின்ன ஆறுதல். மொத்தத்தில் ஒருவருக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதுவும் எதுவும் வாங்காமல்.

லண்டனில் 2024 மார்ச் முதல் நடக்கும் பிரிட்டிஷ் வாட்ச்மேக்கர்ஸ் டே, செய்தவர்களே மேசை போடும் நிகழ்ச்சிதான். ஆனால் அதற்காக மட்டும் தனி விசா எடுத்துப் போவது நமக்குக் கட்டுப்படியாகாது. லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் தேதியை அதோடு பொருத்திக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | சேலத்துப் பட்டறைகள் | ஏற்காடு கோடை விழா | பெங்களூர் | துபாய் | ஜெனீவா |
|---|---|---|---|---|---|
| செய்தவரோடு பேச்சு | நிறைய | குறைவு | இடத்தைப் பொறுத்தது | நன்றாகக் கிடைக்கும் | செப்டம்பரில் நிறைய, ஏப்ரலில் ஊருக்குள் மட்டும் |
| கையில் எடுத்துப் பார்ப்பது | ஆம் | கைவினை மட்டும் | ஆம் | பெரும்பாலும் | நேரம் கேட்டு வாங்கினால் |
| எப்போது | முகூர்த்த மாதம் தவிர்த்து | மே | சந்தை நாள் பார்த்து | இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நவம்பர் | ஏப்ரல், செப்டம்பர் ஒட்டி |
| தோராயச் செலவு (ஒருவருக்கு) | சில நூறு ரூபாய் | சில ஆயிரம் | சில ஆயிரம் | முக்கால் லட்சம் முதல் | இரண்டு லட்சத்துக்கு மேல் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | அறிமுகம், பிறர் கூலி நேரம் | நெரிசல், அறை வாடகை | மேசைக்கு மேசை வாங்குவது | கடை ஆசை, காத்திருப்பு | விசா அலைச்சல், வரி, சர்வீஸ் |
| கைவினைப் பிரியருக்கு | மிக நன்று | சுமார் | மிக நன்று | குறைவு | அருங்காட்சியகம் உண்டு |

## யாருக்கு எது

மாணவருக்கு என் பதில் சந்தேகமில்லாமல் சேலம்தான். முதலில் ரிப்பேர் கடை, பிறகு கொலுசுப் பட்டறை, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் எச்.எம்.டி. அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் பயணம். ஓடாத பழைய கடிகாரம் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, துபாய் விமான நிலையத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆவதுகூட இருக்காது.

கணவன் மனைவிக்குப் பெங்களூர். ஆனால் தேதியைக் கைவினைச் சந்தையை வைத்து முடிவு செய்யுங்கள், கடிகாரத்தை வைத்து அல்ல. கடிகார நிறுவனத்தில் எந்த வாரமும் நேரம் கேட்டு வாங்கலாம். செய்தவர்களே வரும் சந்தை வருடத்தில் சில நாள்தான். வெள்ளிக்கிழமை இரவு போய், சனிக்கிழமை சந்தை, ஞாயிறு காலை அருங்காட்சியகம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கும். ஞாயிறு திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்போடு நிற்பவருக்கு, நீங்கள் வாங்கப் போகிறீர்களா, பார்க்கப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி. பலரையும் பார்த்து, பேசி, எது தனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தால் துபாய் போதும். ஏற்கெனவே ஒருவருடைய வேலை மனதில் விழுந்து, அவரிடமே சொல்லிச் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் ஜெனீவா, அதுவும் செப்டம்பரை ஒட்டி. இரண்டுக்கும் இடையில் நிற்கிறவர், பெங்களூரை முடித்துவிட்டு யோசிப்பது நல்லது. அங்கே போய் வந்த பிறகு, இயந்திரத்தைக் கையால் செய்வது தனக்கு அவ்வளவு முக்கியம் இல்லை என்று சிலருக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் இரண்டு லட்சம் மிச்சம்.

## மேசைக்கு முன்னால் நிற்கும்போது

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் ஒன்று எடுத்துப் போங்கள். இயந்திரத்தின் தகடுகளில் இரண்டு ஓரங்கள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். சுழலும் வெட்டுக்கருவி அந்த மூலையை வளைவாகத்தான் விடும். கூர்மையான உட்கோணம் தெரிந்தால் ஒருவர் அரத்தால் தேய்த்துச் செய்திருக்கிறார். கொலுசில் பற்றவைத்த இடத்தைப் பார்த்துத் தரம் சொல்லும் சேலத்துக் கண்ணுக்கு இது ஒன்றும் புதிய வித்தை அல்ல. டயலில் நுண்கோடுகள் இருந்தால், கையால் சுழற்றும் பழைய கடைசலில் வெட்டியதா, அச்சில் அழுத்தியதா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள்.

பிறகு கேட்க வேண்டியவை: இயந்திரம் யாருடையது? உங்கள் பட்டறையில் எத்தனை பேர்? சர்வீஸுக்கு உங்களிடமே அனுப்ப வேண்டுமா, வேறு ஒருவர் தொடலாமா? முன்பணம் கொடுத்தால் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், நடுவில் விலை மாறுமா? முழுக்கத் தானே செய்கிறவர் பெரும்பாலும் தன்னிடமே அனுப்பச் சொல்வார். வெளிநாட்டுக்கு அனுப்பித் திரும்ப வாங்கும்போது, இது பழுதுபார்க்கப் போன என் சொந்தக் கடிகாரம் என்று சுங்கத்தில் ஆவணங்களோடு காட்ட வேண்டும். அனுப்பும் செலவு, காப்பீடு, காகித வேலை எல்லாம் சேர்ந்து சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் செலவு அது. வாங்கும் விலையோடு இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டில் வாங்கினால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். திரும்பும்போது விலக்கு வரம்பைத் தாண்டிய தொகைக்கு வரி கட்டியாக வேண்டும். கையில் கட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் கடிகாரமும் போகும், அபராதமும் வரும். ஏற்கெனவே உங்களிடம் விலையுயர்ந்த கடிகாரம் இருந்து அதைக் கட்டிக்கொண்டு கண்காட்சிக்குப் போவதாக இருந்தால், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது பழைய கடிகாரம் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அதற்காக அன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் போய்ச் சேருங்கள்.